மறுமணம் ஆனால் குழந்தைக்கு வரும் பணம் நின்றுவிடுமா?

நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியோடு வருகிற பெண்கள் பெரும்பாலும் பயந்துபோய்த்தான் வருகிறார்கள். மறுமணம் செய்துகொண்டால் தாயின் பெயரில் வந்த ஜீவனாம்சம் நின்றுவிடும். குழந்தையின் பெயரில் வருவது தொடரும். அதே போல, அப்பா இன்னொரு கல்யாணம் செய்து அங்கே குழந்தை பிறந்தாலும் முதல் குழந்தைக்கான கடமை தீர்ந்துபோகாது. தொகை கூடலாம், குறையலாம். ஆனால் அதை நீதிமன்றம்தான் மாற்ற வேண்டும். யாரும் தன் இஷ்டத்துக்குக் குறைக்கவோ நிறுத்தவோ முடியாது.

நான் வக்கீல் இல்லை. ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். விவாகரத்தாகி மகனோடு சில வருடங்கள் தனியாக இருந்து, பிறகு மறுமணம் செய்துகொண்டேன். மகனின் அப்பாவும் மறுமணம் செய்துகொண்டார், அவருக்கு இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறது. இரண்டு பக்கமும் குடும்பம் மாறியதால் ஜீவனாம்ச வழக்கு திரும்பவும் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சமயத்தில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். எல்லாம் இந்தியச் சட்டத்தை வைத்துச் சொல்வது. குழப்பம் வராமலிருக்க, முதல் கணவரை 'மகனின் அப்பா' என்றும், இப்போதைய கணவரை 'என் கணவர்' என்றும் குறிப்பிடுகிறேன்.

முதலில் பழைய உத்தரவை எடுத்துப் படியுங்கள்

வக்கீலிடம் போவதற்கு முன்பே இதைச் செய்யலாம். உத்தரவின் நகல் கையில் இல்லையென்றால் நீதிமன்றத்தில் சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, தொகை பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பது. என்னுடைய உத்தரவில் முதல் மனுதாரர் நான், இரண்டாம் மனுதாரர் 'மைனர், தாயும் காப்பாளருமான முதல் மனுதாரர் மூலம்' என்று என் மகன். முதல் மனுதாரருக்கு மாதம் 4,000, இரண்டாம் மனுதாரருக்கு மாதம் 6,000 என்று தனித்தனியாக எழுதியிருந்தது. இப்படிப் பிரித்திருந்தால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. மறுமணத்துக்குப் பிறகு என்னுடைய 4,000 போகும், அவனுடைய 6,000 நிற்கும். சில உத்தரவுகளில் 'மனுதாரர்கள் இருவருக்கும் சேர்த்து மாதம் 10,000' என்று மொத்தமாக இருக்கும். அப்படியிருந்தால் மறுமணத்துக்கு முன்பே, அல்லது ஆன உடனேயே, குழந்தையின் பங்கைத் தனியாக நிர்ணயிக்கச் சொல்லி மனு போடுங்கள். இல்லாவிட்டால் 'அந்த அம்மாவுக்குத்தான் கொடுத்தேன், அவர் கல்யாணம் செய்துகொண்டார்' என்று சொல்லி முழுப் பணத்தையும் நிறுத்திவிட வழியிருக்கிறது.

இரண்டு, உத்தரவு எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பது. பெரும்பாலானவர்களுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவாக இருக்கும். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு வந்துவிட்டது. பழைய 125 உத்தரவு அப்படியே செல்லும், கவலை வேண்டாம். தொகையை மாற்றக் கேட்கும் மனுவுக்கு முன்பு 127, இப்போது 146. வசூலிக்க முன்பு 128, இப்போது 147. இந்தச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். விவாகரத்துத் தீர்ப்போடு சேர்ந்து வந்த உத்தரவு என்றால், இந்துக்களுக்கு 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவாக இருக்கும். 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் அதுவே 38-ஆவது பிரிவு. இவை போக, 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவிலும் குழந்தை தனியாகக் கேட்கலாம். எந்தப் பிரிவு என்று தெரிந்தால்தான் எந்த மனு, எந்த நீதிமன்றம், எந்த வயது வரை என்பது தெரியும்.

தாய் மறுமணம் செய்துகொண்டால்

மறைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். தாயின் ஜீவனாம்சத்தை மறுமணத் தேதியிலிருந்தே ரத்து செய்யச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதனால் சொல்லாமல் வாங்கிய மாதங்களின் பணம் பின்னால் கணக்குக்கு வரும். அதைவிட மோசம், ஒரு விஷயத்தை மறைத்தவர் என்று பதிவாகிவிட்டால், குழந்தைக்காக நீங்கள் சொல்கிற உண்மையான செலவையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். நான் கல்யாணத்துக்கு முன்பே மகனின் அப்பாவுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். அதில் மூன்றே விஷயங்கள்: இன்ன தேதியில் எனக்குத் திருமணம்; அந்த மாதத்திலிருந்து என் பங்கு 4,000 வேண்டாம்; மகனின் 6,000 அவன் பெயரிலுள்ள கணக்குக்கு வழக்கம்போல வர வேண்டும். கடிதத்தின் நகலும் ஒப்புகை அட்டையும் பின்னால் பெரிய ஆதாரமாக நின்றன, ஏனென்றால் அவர் இரண்டு தொகையையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்.

அவர் தரப்பில் சொன்ன காரணம் நீங்களும் கேட்கப் போகிற காரணம்தான்: 'இப்போது பையனைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருக்கிறார்.' சட்டத்தில் இதற்கு இடமில்லை. மேலே சொன்ன 1956-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு தன் பிள்ளைகளைக் காப்பாற்றும் கடமையைப் பெற்றவர்கள் மேல்தான் வைக்கிறது. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவோ, 'தந்தை', 'தாய்' என்ற சொற்களில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்க மாட்டார்கள் என்று விளக்கமாகவே சொல்லியிருக்கிறது. என் கணவர் என் மகனுக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கிறார், காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார். அது அவருடைய அன்பு. அந்த அன்பைக் காட்டிப் பெற்ற அப்பாவின் கடமையைத் தள்ளுபடி செய்ய முடியாது.

ஆனால் இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தாயின் சொந்த வருமானம் கணக்கில் வரும். தாயும் தந்தையும் இருவருமே சம்பாதித்தால், சம்பளத்தின் விகிதப்படி இருவரும் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் தந்தைக்கு இரண்டு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்று பிரித்தார்கள். புதிய கணவரின் சம்பளத்தை நேராகக் கூட்ட மாட்டார்கள் என்றாலும், உங்கள் வீட்டுச் செலவு மாறியிருந்தால் அது வெளியே வரும். நாங்கள் இப்போது இருப்பது என் கணவரின் சொந்த வீடு. அதனால் முன்பு மகனின் செலவில் நான் காட்டியிருந்த வாடகைப் பங்கைப் புதிய கணக்கில் எடுத்துவிட்டேன். இல்லாத வாடகையைக் காட்டினால் குறுக்கு விசாரணையில் அது ஒன்றே போதும், மற்ற எல்லாம் ஆட்டம் காணும்.

மறுமணம் ஆனதும் சிலருக்கு வருகிற இன்னொரு பயம், பிள்ளையையே பிடுங்கிக்கொள்வார்களோ என்பது. ஜீவனாம்சம் கேட்டால் குழந்தையைக் கேட்டு வழக்குப் போடுவேன் என்று மிரட்டுவதும் நடக்கிறது. மறுமணம் என்ற ஒரே காரணத்துக்காகத் தாயிடமிருந்து குழந்தையை எடுத்துவிட மாட்டார்கள். நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனை. பள்ளி மாறாமல் இருப்பது, புதிய வீட்டில் அவன் எப்படி இருக்கிறான், அப்பாவைப் பார்க்க விடுகிறீர்களா என்பதெல்லாம் எடை போடப்படும். பணம் வராத மாதங்களிலும் நான் மகனை அவன் அப்பாவிடம் அனுப்பாமல் இருந்ததில்லை. பணத்துக்கும் பார்க்க விடுவதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். பணம் குழந்தையின் உரிமை, அப்பாவைப் பார்ப்பதும் குழந்தையின் உரிமை.

இனிஷியலும் தத்தும் ஒன்றல்ல

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நல்ல மனதோடு செய்கிற காரியத்தில் பிள்ளையின் உரிமை போய்விடக்கூடிய இடம் இதுதான்.

மறுமணத்துக்குப் பிறகு பள்ளியில் புதிய கணவரின் பெயரைக் காப்பாளராகப் போடுவார்கள். சிலர் இனிஷியலையே மாற்றுவார்கள். பள்ளி அலுவலகத்தில் இருப்பதால் இந்த விண்ணப்பங்கள் என் மேசைக்கு அடிக்கடி வரும். பதிவேட்டில் பெயர் மாறுவதால் மட்டும் பெற்ற அப்பாவின் கடமை முடிந்துவிடாது. அதே சமயம், பிறப்புச் சான்றிதழில் இருக்கிற அப்பாவின் பெயரைக் கலந்து பேசாமல் ஆவணங்களில் மாற்றத் தொடங்கினால் அதுவே ஒரு புது வழக்காகலாம். ஜீவனாம்ச வழக்கு நடக்கும்போது அதில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

தத்து கொடுப்பது முற்றிலும் வேறு. புதிய கணவர் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுத்துவிட்டால், அந்தத் தேதியிலிருந்து குழந்தை அவருடைய குழந்தை. பெற்ற அப்பாவோடு இருந்த சட்ட உறவு அறுந்துவிடும். அவர் மாதாமாதம் கொடுக்க வேண்டியதும் அதோடு நின்றுவிடும், அவருடைய சொத்தில் வாரிசாக வருகிற உரிமையும் போய்விடும். தத்துக்கு முன்பே குழந்தையின் பேரில் வந்து சேர்ந்த சொத்து மட்டும் குழந்தையிடமே இருக்கும். மாற்றாந்தந்தை தத்தெடுப்பதற்கு மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் விதிமுறைகளில் தனி வழி இருக்கிறது. பெற்ற அப்பாவின் சம்மதம் வேண்டும். அதே 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் என்றால், வழக்கம் வேறாக இல்லாத வரை குழந்தைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது.

சில வீடுகளில் தத்து சரியான முடிவுதான். அப்பா பல வருடமாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குழந்தையும் புதிய அப்பாவையே அப்பாவாக நினைக்கிறது என்றால், யோசித்துச் செய்யலாம். ஆனால் 'நீ தத்து கொடுத்துவிடு, நான் இனி பணம் தர வேண்டாம்' என்று யாராவது பேரம் பேசினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் பிள்ளை இழக்கப் போகிற மாதத் தொகையையும் வாரிசுரிமையையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நாங்களும் பேசினோம். என் கணவருக்கு விருப்பம் இருந்தது. மகனுக்கு அவன் அப்பா மேல் பாசம் இருக்கிறது, அதனால் வேண்டாமென்று விட்டுவிட்டோம்.

அப்பா மறுமணம் செய்துகொண்டால்

இங்கே தாய்மார்கள் கோபப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் புதிய குழந்தைக்கும் அவர் அப்பாதான், அதற்கும் சாப்பாடு வேண்டும். நீதிமன்றமும் அப்படித்தான் பார்க்கிறது. 2017-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், முதல் மனைவிக்கும் மகனுக்கும் உயர் நீதிமன்றம் மாதம் 23,000 ரூபாய் நிர்ணயித்திருந்தது. கணவர் மறுமணம் செய்து அங்கேயும் ஒரு குழந்தை இருப்பதைக் கணக்கில் எடுத்து அதை 20,000 ஆக்கினார்கள். கவனியுங்கள், குறைந்தது 3,000 மட்டுமே. புதிய குடும்பம் வந்ததால் பழைய குடும்பத்துக்கு ஒன்றுமில்லை என்று ஆகவில்லை. சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு என்று பலர் சொல்லும் கணக்கும் இந்த வழக்கில் வந்ததுதான். மனைவிக்கு நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று 1970-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைச் சுட்டி அதில் சொல்லப்பட்டது. குழந்தைத் தொகைக்கு இப்படி நிலையான சதவீதம் எதுவும் சட்டத்தில் கிடையாது. செலவு, வருமானம், அவரை நம்பியிருப்பவர்கள், இந்த மூன்றையும் வைத்துத்தான் முடிவு.

அப்பாக்களும் இதைப் படிக்கலாம், அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நிலைமை உண்மையாகவே மாறியிருந்தால் உடனே 146-ஆவது பிரிவில் மனு போடுங்கள். உத்தரவு வரும் வரை பழைய தொகையைக் கட்டிக்கொண்டே இருங்கள். முழுத் தொகை முடியவில்லையென்றால் முடிந்ததையாவது வங்கி வழியாகப் போட்டு, மனுவில் அதைச் சொல்லுங்கள். தானாக நிறுத்திவிட்டால், மனு நியாயமாக இருந்தாலும் நிலுவை ஏறிக்கொண்டேதான் இருக்கும். நீதிபதிக்கு முன்னால் முதல் கேள்வியும் அந்த நிலுவையைப் பற்றித்தான் வரும். வேலை போய்விட்டது என்பதும் தானாகக் கடமையைத் தள்ளாது. உடல் நலமுள்ளவர் உழைத்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது, 2022-இலும் சொன்னது. வேலைக்காக முயற்சி செய்ததன் ஆதாரம், நிறுவனம் கொடுத்த கடிதம், மருத்துவச் சான்று இவற்றோடு போனால் கேட்பார்கள்.

மாறுவது கல்யாணம் மட்டுமில்லை

சம்பளம் உயர்வது, குழந்தை மேல் வகுப்புக்குப் போவது, நோய், இவை எல்லாமே தொகையை மாற்றக் கேட்கக் காரணங்கள்தான். குழந்தை அப்பா வீட்டுக்கே போய் இருக்கத் தொடங்கினால் தாய்க்கு வந்த குழந்தைத் தொகை அர்த்தமில்லாமல் போகும், ஆனால் அதையும் உத்தரவில் மாற்றிக்கொள்ளுங்கள். வாய்மொழிப் பேச்சு போதாது.

வயது விஷயத்தில் நிறைய பேர் குழம்புகிறார்கள். 144-ஆவது பிரிவின் கீழ் வரும் தொகை 18 வயதோடு நிற்கும். உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு மட்டும் அதற்குப் பிறகும் தொடரும். திருமணமான மகளுக்கு அந்த நீட்டிப்பு இல்லை. இந்துக் குடும்பத்தில், தன் வருமானத்தில் வாழ முடியாத, திருமணமாகாத மகள் 18 தாண்டிய பிறகும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் அப்பாவிடம் கேட்கலாம் என்று 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதற்குத் தனி வழக்குப் போட வேண்டும். முஸ்லிம் குடும்பத்துக் குழந்தைகளைப் பொறுத்தவரை, விவாகரத்தான முஸ்லிம் பெண்களின் உரிமைகளுக்கான 1986-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தையின் ஜீவனாம்சத்தை இரண்டு வயதோடு முடித்துவிடவில்லை என்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

அப்பா இறந்துவிட்டால் மாதத் தொகை நின்றாலும் பிள்ளையின் வாரிசுரிமை நிற்காது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் மனைவியின் குழந்தையும் இரண்டாவது மனைவியின் குழந்தையும் முதல் வகுப்பு வாரிசுகள், சம பங்கு. வாரிசுச் சான்றிதழில் உங்கள் குழந்தையின் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனு போடுவது எப்படி

உத்தரவு பிறப்பித்த நீதிமன்றத்திலேயே தொகையை மாற்றக் கேட்கும் மனுவும் போட வேண்டும். மறுமணத்துக்குப் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டால் இது அலைச்சல்தான். ஒரே மாநிலத்துக்குள் என்றால் உயர் நீதிமன்றத்திலும், மாநிலம் விட்டு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றத்திலும் வழக்கை மாற்றக் கேட்கலாம். கைக்குழந்தை, வேலை, தூரம் இவற்றை எழுதிக் கேட்டால் கவனிப்பார்கள்.

மனுவின் உயிர் 'நிலைமை மாறியிருக்கிறது' என்பதை நிரூபிப்பதில் இருக்கிறது. பழைய உத்தரவு வந்தபோது நிலைமை என்ன, இப்போது என்ன, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். 'விலைவாசி ஏறிவிட்டது' என்று பொதுவாக எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். இடது பக்கம் அவன் ஒன்றாம் வகுப்பில் இருந்த வருடம், வலது பக்கம் ஆறாம் வகுப்பு. பள்ளிக் கட்டணம், வேன், புத்தகம், சீருடை, டியூஷன், மருத்துவம், சாப்பாட்டுச் செலவில் அவன் பங்கு, துணிமணி. வருடத்துக்கு ஒருமுறை வருகிற செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேர்த்தேன். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்: ஜூன் மாதம் ஒரே நாளில் கட்டுகிற கட்டணம் மாதச் செலவில் தெரிவதே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ரசீதின் எண். ரசீது இல்லாததைத் தனியாக 'தோராயம்' என்று குறித்தேன். உண்மையான தோராயத்தை ஒப்புக்கொண்டவருக்கு மற்ற வரிகளில் நம்பிக்கை கிடைக்கிறது.

மனுவோடு சொத்து மற்றும் கடன் பிரமாணப் பத்திரம் கட்டாயம். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் இதற்கென ஒரு படிவத்தைக் கொடுத்தது. இரண்டு தரப்பும் வருமானம், வங்கிக் கணக்கு, கடன், சொத்து, நம்பியிருப்பவர்கள் எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுத வேண்டும். பொய் எழுதினால் தனி நடவடிக்கை வரும். எதிர்த்தரப்பு இதைத் தாக்கல் செய்யாமல் வாய்தா வாங்கிக்கொண்டே போனால், இந்தத் தீர்ப்பைச் சொல்லி நேராகவே கேளுங்கள். ஜீவனாம்சத்தை மனுத் தேதியிலிருந்தே வழங்க வேண்டும் என்று சொன்னதும் இதே தீர்ப்புதான். அதனால் உங்கள் மாற்ற மனுவிலும் 'மனுத் தேதி முதல்' என்று கேட்கத் தவறாதீர்கள். தள்ளிப்போட்டுத் தாக்கல் செய்கிற ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு நஷ்டம்.

அவருடைய சம்பளம் தெரியாது என்பவர்கள் பலர். அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரும் ஊரும் தெரிந்தால் போதும், சம்பளப் பட்டியலை வரவழைக்க நீதிமன்றத்தைக் கேட்கலாம். சொந்தத் தொழில் என்றால் வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு, வண்டி, கடை வாடகை ஒப்பந்தம் என்று சுற்றி வர வேண்டியிருக்கும்.

வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தேசிய உதவி எண் 15100.

என் வழக்கில் நான் மகனுக்கு 9,000 கேட்டேன், அவர் 3,000 ஆகக் குறைக்கக் கேட்டார். அவர் சம்பளம் உயர்ந்திருந்தது, ஆனால் வீட்டில் இன்னொரு குழந்தையும் வந்திருந்தது. என் சம்பளமும் முன்பைவிட அதிகம். நீதிமன்றம் 7,500 என்று முடிவு செய்தது. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

நிலுவை: ஒரு வருடக் கெடுவை விட்டுவிடாதீர்கள்

இதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்வேன். குற்றவியல் சட்டத்தின் கீழ் (பழைய 125, இப்போதைய 144) வந்த உத்தரவை வாரண்ட் மூலம் வசூலிக்க, தொகை கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். 'தருவார், தருவார்' என்று இரண்டு வருடம் பொறுத்திருந்தவர்கள் முதல் வருடப் பணத்துக்கு இந்த வழியை இழந்துவிடுகிறார்கள். சண்டை வேண்டாமே என்று நினைத்துப் பொறுப்பது பெண்களுக்கு வழக்கம். அந்தப் பொறுமையின் விலையைக் குழந்தை கொடுக்கிறது. இரண்டு மாதம் வரவில்லை என்றாலே ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், நான்கைந்து மாதம் சேர்ந்தால் வசூல் மனு போட்டுவிடுங்கள். பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும்.

காரணமில்லாமல் கட்டாதவருக்கு ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்க முடியும். உள்ளே இருந்துவிட்டு வந்ததால் கடன் தீர்ந்தது என்று ஆகாது, 1989-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால், சிறைக்கு அனுப்பினால் அந்த மாதச் சம்பளமும் போய்விடும். மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்திலிருந்தே பிடித்து அனுப்பச் சொல்லிக் கேட்பது நல்லது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவின்படி, ஜீவனாம்சத் தீர்ப்புக்காகச் சம்பளத்தை ஜப்தி செய்யும்போது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே பாதுகாக்கப்படும். மற்றக் கடன்காரர்களுக்கு இல்லாத சலுகை இது. அவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தால், அவர் இருக்கிற ஊரின் நீதிமன்றத்திலேயே குற்றவியல் உத்தரவை நிறைவேற்றக் கேட்கலாம்.

பணம் எப்போதும் வங்கி வழியாகத்தான் வர வேண்டும். கையில் கொடுத்தது, பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தது எல்லாம் பின்னால் 'ஜீவனாம்சத்தில் கழித்துக்கொள்' என்று வரும். பரிசு பரிசாகவே இருக்கட்டும்.

இன்னும் விவாகரத்து முடியாதவர்களுக்கு

பரஸ்பர சம்மத மனுவில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்றால் இப்போதே நான்கு வரி சேர்க்கச் சொல்லுங்கள். குழந்தையின் தொகை தாயின் தொகையிலிருந்து தனி. இரண்டு பேரில் யார் மறுமணம் செய்தாலும் குழந்தையின் தொகை தொடரும். வருடத்துக்கு இத்தனை சதவீதம் தானாக உயரும். 18-க்குப் பிறகு பட்டப்படிப்பு முடியும் வரை கல்லூரிக் கட்டணத்தை இன்ன விகிதத்தில் பகிர்ந்துகொள்வோம். இந்தக் கடைசி வரி குறிப்பாக மகன் இருப்பவர்களுக்கு முக்கியம், ஏனென்றால் 18 தாண்டிய மகனுக்கு 144-ஆவது பிரிவில் பிடிப்பு இல்லை. எழுதி வாங்கிய ஒப்பந்தம்தான் துணை.

'குழந்தைக்கு எதுவும் கேட்க மாட்டேன்' என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். தாய் தன் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கலாம், குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவளுக்கு அதிகாரமில்லை. அந்த ஒப்பந்தத்தின் நகலையும் பள்ளிக் கட்டண ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி மையத்துக்குப் போய், குழந்தையை மனுதாரராக வைத்துப் புதிய மனு எழுதச் சொல்லுங்கள்.